பந்து கையில் இல்லாத நாலு பேர்: புது பாஸ்கெட்பால் டீமுக்கு முதல் ஆஃபென்ஸ் சொல்லிக்கொடுப்பது எப்படி

புதிதாக ஆட வந்த பிள்ளைகளின் முதல் பாஸ்கெட்பால் மேட்சைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருத்தி கையில் பந்து இருக்கும். அவளைச் சுற்றி எதிரணியில் மூன்று பேர், அவர்களை ஒட்டிச் சொந்த டீமிலேயே மூன்று பேர், எல்லோரும் கையை நீட்டி "இங்க, இங்க" என்று கத்திக்கொண்டிருப்பார்கள், வெல்லக்கட்டியில் எறும்பு மொய்த்த மாதிரி. டீமிலேயே உயரமான பிள்ளை மட்டும் ரிங்குக்கு அடியில் கையைத் தூக்கியபடி தனியாக நிற்பாள். பாதிக் கோர்ட் ஆள் இல்லாமல் கிடக்கும். அந்தக் காலி இடத்தைப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிய வைப்பதுதான் ஆஃபென்ஸின் (பந்து நம் பக்கம் இருக்கும்போது கூடை போட ஆடும் ஆட்டத்தின்) முதல் பாடம், மற்றதெல்லாம் அப்புறம்.

நான் 12 முதல் 14 வயது வரை உள்ள பெண் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் 'அவள்' என்றே எழுதிக்கொண்டு போகிறேன். பையன்களுக்கும் முறை இதேதான். பி.இ.டி. சார், டீச்சர், பழைய பிளேயர் அண்ணன், அக்கா என்று முதல்முறையாக ஒரு டீமைக் கையில் எடுத்திருக்கும் யாருக்கும் இது உதவும் என்று நினைத்துத்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் வருஷம் நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைச் செய்யாமல் இருப்பதற்காக. நோட்டில் வட்டமும் அம்புக்குறியும் போட்டு ஆறு செட் பிளே எழுதினேன். ஒன்றாம் நம்பர் இங்கே பாஸ் போடணும், நாலாம் நம்பர் அங்கே ஸ்க்ரீன் வைக்கணும் (எதிராளியின் வழியை மறித்து நிற்கணும்), மூன்றாம் நம்பர் சுற்றி வரணும் என்று மனப்பாடம் செய்ய வைத்தேன். பிராக்டிஸில் அழகாக ஓடினார்கள். மேட்சில் எதிரணிப் பிள்ளை முதல் பாஸையே மறித்து நின்றதும் ஐந்து பேரும் அப்படியே நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். தப்பு அவர்களுடையது இல்லை. அம்புக்குறி எப்படிப் போகும் என்று சொல்லியிருந்தேன், அது ஏன் அப்படிப் போகிறது என்று சொல்லவே இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். சர்வதேச விதிப்படி ஒரு மேட்ச் 40 நிமிடம். அதில் ஏறக்குறைய பாதி நேரம் பந்து நம் பக்கம் இருக்கும், அதாவது 20 நிமிடம். அந்த 20ஐ ஐந்து பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு நாலு நிமிடம். முழு மேட்சும் வெளியே உட்காராமல் ஆடும் பிள்ளைக்கே பந்து கையில் இருப்பது நாலு நிமிடம்தான், மீதி 16 நிமிடம் ஆஃபென்ஸில் அவள் வெறும் கையோடு இருக்கிறாள். ஆனால் நம் பிராக்டிஸ் எல்லாம் எப்படி நடக்கிறது? பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகும் டிரிபிள், மறுபடி டிரிபிள், ஷூட்டிங், ரிங் பக்கத்தில் ஓடிவந்து போடும் லேஅப் என்று அந்த நாலு நிமிடத்துக்கான வேலையாகவே போய்விடுகிறது. வெறும் கையோடு இருக்கும் 16 நிமிடத்தில் என்ன செய்வது என்று ஒரு பிள்ளைக்கும் யாரும் சொல்வதில்லை. அவள் பந்தை நோக்கி ஓடுகிறாள், வேறு என்ன செய்வாள் பாவம்.

சரி, எந்த ஆஃபென்ஸ்? என் பதில் எப்போதும் ஒன்றுதான்: ஐந்து பேரும் வெளியே நின்று, பாஸ் போட்டு, ரிங்குக்குக் கட் பண்ணும், அதாவது வெறும் கையோடு ரிங்கை நோக்கிச் சட்டென்று ஓடும் ஆஃபென்ஸ். ஃபைவ் அவுட் என்பார்கள். டாப்பில் (ரிங்குக்கு நேர் எதிரே) ஒருத்தி, இரண்டு விங்கில் (அவளுக்கு இரு பக்கமும்) இரண்டு பேர், இரண்டு கார்னரில் (ரிங் பக்கத்துக் கோர்ட் மூலைகளில்) இரண்டு பேர். பெயின்ட்டுக்குள், அதாவது ரிங்குக்கு முன்னால் கோடு போட்ட கட்டத்துக்குள், யாருமே நிற்க மாட்டார்கள்.

"உயரமான பிள்ளையை ரிங்குக்கு அடியில் நிறுத்தினால் சுலபமாக நாலு கூடை கிடைக்குமே" என்று எல்லாக் கோச்சும் கேட்பார்கள். கிடைக்கும், இந்த வருஷம் கிடைக்கும். ஆனால் 12 வயதில் உயரமாக இருப்பவள் 15 வயதிலும் உயரமாக இருப்பாள் என்று எந்த நிச்சயமும் இல்லை. மற்றவர்கள் வளர்ந்து அவளைத் தாண்டிப்போன பிறகு, மூன்று வருஷமாக ரிங்குக்கு முதுகைக் காட்டி நின்ற பிள்ளைக்கு டிரிபிளும் வராது, தூரத்துப் பாஸும் வராது, டீமில் இடமும் இருக்காது. அவளுக்கு நாம் செய்யும் பெரிய அநியாயம் அது. ஐந்து பேரும் ஐந்து இடத்திலும் ஆடப் பழகினால் யாருக்கும் அந்த நிலை வராது. அவள் ரிங்குக்கு அடியில் நின்றால் இன்னொரு சங்கடமும் உண்டு: அவளைக் காவல் காக்க வந்தவளும் அங்கேயே நிற்பாள், கட் பண்ணி உள்ளே வருபவர்களுக்கு வழியே இருக்காது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு எல்லோரையும் உள்ளே வா என்று கூப்பிடுகிற மாதிரி.

இடம் குறிப்பது

மூன்று பாயின்ட் கோடு ரிங்கிலிருந்து 6.75 மீட்டர். 12 வயதுப் பிள்ளைக்கு அது அதிகத் தூரம், பாஸ் வானத்தில் வளைந்து போகும், நடுவில் யாராவது பறித்துவிடுவார்கள். அதனால் நான் ஐந்து இடத்தையும் அந்தக் கோட்டுக்கு ஒரு மீட்டர் உள்ளே குறிக்கிறேன். பக்கத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு நடுவில் நாலு, நாலரை மீட்டர் இருந்தால் போதும். அளக்க டேப் எல்லாம் வேண்டாம், உங்கள் டீமிலேயே கை வலு குறைந்த பிள்ளை நெஞ்சு உயரத்தில் நேராக ஒரு பாஸ் போட்டால் அது வளையாமல் போய்ச் சேரும் தூரம்தான் உங்கள் டீமின் தூரம். பிள்ளைகள் வளர வளர இடங்களை வெளியே தள்ளிக்கொண்டே போகலாம்.

சிமென்ட் கோர்ட் என்றால் சாக்பீஸ், மண் கோர்ட் என்றால் சுண்ணாம்பு. இரண்டும் இல்லாத நாளில் பிள்ளைகள் கழற்றிவைத்த செருப்பையே ஐந்து இடத்தில் வைத்திருக்கிறேன், நன்றாகவே வேலை செய்யும், ஆனால் கட் பண்ணி ஓடும் வழியில் செருப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயின்ட் இப்போது 4.9 மீட்டர் அகலமுள்ள செவ்வகம். பழைய கோர்ட் என்றால், 2010க்கு முன்பு இருந்தபடி ரிங் பக்கம் அகன்று போகும் சரிவகக் கோடே இன்னும் இருக்கலாம். அப்படி இருந்தால் செவ்வகத்தைச் சாக்பீஸில் வரைந்து காட்டிவிடுங்கள், மூன்று செகண்டுக்கு மேல் உள்ளே நிற்கக்கூடாது என்ற விதியைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

ஆஃபென்ஸுக்கு முன்னால் மூன்று விஷயம்

பந்தை இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றிப் பிடிப்பது, பிடித்ததும் ரிங்கைப் பார்த்துத் திரும்புவது, ஒரு காலை ஊன்றி மறு காலைச் சுழற்றுவது. இந்த மூன்றும் வராமல் எந்த ஆஃபென்ஸும் ஓடாது, டிராவலிங் (பந்தைத் தட்டாமல் அதோடு நகர்வது) விசில்தான் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். தினமும் தொடக்கத்தில் 15 நிமிடம் இதற்குக் கொடுங்கள்.

இதில் நான் அதிகம் கவனிப்பது நடு விஷயத்தை. புதுப் பிள்ளை பந்து கைக்கு வந்ததும் அதைத் தரையில் தட்டுவாள், குனிந்து பந்தையே பார்ப்பாள். பந்தைப் பிடித்தவுடன் தலை நிமிர்ந்து ரிங்கைப் பார்த்தால் அவள் கண்ணுக்கு ரிங்கும் தெரியும், ரிங்கை நோக்கி ஓடும் தோழியும் தெரிவாள். அதனால் எங்கள் பிராக்டிஸில் பந்தைப் பிடிக்கும் ஒவ்வொருத்தியும் "ரிங்" என்று சத்தமாகச் சொல்லணும். முதல் இரண்டு நாள் கூச்சப்படுவார்கள், பிறகு பழகிவிடும். கபடி ஆடிய பிள்ளைகள் டீமில் இருந்தால் அவர்களை முன்னால் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள், முட்டியை மடக்கித் தாழ்ந்து நிற்பது அவர்களுக்கு ஏற்கெனவே வரும்.

முதல் விதி: போட்டா ஓடு

பாஸ் போட்டவள் அங்கேயே நிற்கக்கூடாது, ரிங்குக்கு ஓடணும். இதுதான் முழு ஆஃபென்ஸின் உயிர்நாடி. விதியை ஒரு வாக்கியமாகச் சொன்னால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், "போட்டா ஓடு" என்று இரண்டு சொல்லில் சொன்னால் மறக்க மாட்டார்கள், வெளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் அதையே சேர்ந்து கத்துவார்கள்.

எப்படி ஓடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் பார்த்த வரையில் எல்லாப் பிள்ளைகளும் முதலில் பஸ் திரும்புகிற மாதிரி வளைந்து, மெதுவாக, எதிரணிப் பிள்ளையின் தோளை ஒட்டியே ஓடுவார்கள். அப்படி ஓடினால் அவள் கூடவே வந்துவிடுவாள். சரியான கட் இரண்டு வேகம் உள்ளது. பாஸ் போட்டதும் பந்துக்கு எதிர்ப்பக்கம் இரண்டு அடி சும்மா நடக்கிற மாதிரி போகணும், எதிராளி அந்தப் பக்கம் சாய்ந்ததும் வெளிக்காலை அழுத்தி ஊன்றி, அவளுக்கு முன்னால் புகுந்து, நேர்கோட்டில் ரிங்குக்கு ஓடணும். இது முன் கட். எதிராளி பந்து போன பக்கமே தாவி நின்றுவிட்டால் முன்னால் புக முடியாது, அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் ஓடணும், அது பின் கட். எந்தக் கட் என்பதை நாம் முடிவு செய்வதில்லை, எதிராளி எந்தப் பக்கம் நிற்கிறாளோ அது முடிவு செய்கிறது.

ஓடும்போது பந்துப் பக்கத்துக் கை நெஞ்சுக்கு முன்னால் விரிந்து இருக்கணும், முகம் பந்தைப் பார்த்து இருக்கணும். பந்து வைத்திருப்பவள் அந்தக் கையைப் பார்த்து, ஓடுகிறவளுக்கு ஓர் அடி முன்னால் விழும்படி போடணும். ஓடுகிறவள் முதுகுக்குப் பின்னால் விழும் பாஸ்தான் புது டீமில் அதிகம் வீணாகும் பாஸ். தரையில் தட்டிப் போடும் பவுன்ஸ் பாஸ் இந்த இடத்தில் நல்லது, நீண்டிருக்கும் கைகளுக்குக் கீழே போய்விடும்.

பந்து வாங்கியவளுக்கும் ஒரு வேலை உண்டு. கட் பண்ணி ஓடுகிறவளை "ஒண்ணு, ரெண்டு" என்று மனசுக்குள் எண்ணும் நேரம் பார்க்கணும். அதற்குள் அவள் தனியாகக் கிடைத்தால் போடணும், இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்த பக்கம் பார்க்கணும். இந்த இரண்டு எண்ணிக்கையைப் பழக்காவிட்டால் அழகாகக் கட் பண்ணி ஓடியவளை யாரும் பார்க்கவே மாட்டார்கள், நாலு தடவை வீணாக ஓடிய பிள்ளை ஐந்தாம் தடவை ஓட மாட்டாள்.

இரண்டாம் விதி: காலியா இருந்தா நிரப்பு

ஒருத்தி ஓடிவிட்டால் அவள் நின்ற இடம் காலி. பந்து இல்லாத பக்கம் அந்த இடத்துக்கு அடுத்து நிற்பவள் நகர்ந்து அதை நிரப்பணும், அவள் விட்ட இடத்தை அதற்கு அடுத்தவள் நிரப்பணும். கடைசியில் ஒரு கார்னர் காலியாகும். கட் பண்ணி ஓடியவளுக்குப் பந்து கிடைக்காவிட்டால் ரிங்குக்கு அடியில் நிற்காமல் அந்தக் காலிக் கார்னருக்குப் போய்விடணும்.

உதாரணத்துக்கு, டாப்பில் இருப்பவள் வலது விங்குக்குப் பாஸ் போட்டு ஓடுகிறாள். இடது விங் டாப்புக்கு வருகிறாள், இடது கார்னர் இடது விங்குக்கு ஏறுகிறாள், ஓடியவள் இடது கார்னரில் போய் நிற்கிறாள். மறுபடியும் ஐந்து பேர் ஐந்து இடத்தில். இப்போது வலது விங் டாப்புக்குப் பாஸ் போட்டு ஓடினால், வலது கார்னர் விங்குக்கு ஏறுவாள், ஓடியவள் வலது கார்னருக்குப் போவாள். எந்தப் பாஸுக்கும் இதே விதி செல்லும், கார்னரில் இருப்பவள் விங்குக்குப் போட்டுவிட்டு ஓடினால் மட்டும் யாரும் நகர வேண்டியதில்லை, அவளே சுற்றித் தன் கார்னருக்குத் திரும்பிவிடலாம்.

இதைப் போர்டில் வரைந்து காட்டாதீர்கள். திண்ணைத் தூணைப் பிடித்து ஆடும் நாலு மூலை ஆட்டம் பல பிள்ளைகளுக்குத் தெரியும், ஒரு தூண் காலியானால் இன்னொருத்தி ஓடிப் பிடிப்பாளே, அதை ஞாபகப்படுத்துங்கள், போதும். கோ கோ ஆடியவர்களுக்கு இன்னும் சுலபம். கோ கொடுத்தவள் எழுந்துபோனவளின் இடத்தில் உடனே உட்காருகிறாள், ஒரு இடமும் காலியாக இருப்பதில்லை. அந்தப் பழக்கம் உடம்பிலேயே இருக்கும்.

நேரம்தான் கொஞ்சம் சிக்கல். நிரப்ப வருகிறவள் சீக்கிரம் வந்துவிட்டால் தன் எதிராளியையும் கூட்டிக்கொண்டு வந்து கட் பண்ணும் வழியை அடைத்துவிடுவாள். ஓடுகிறவள் ஃப்ரீ த்ரோ கோட்டை (ரிங்குக்கு எதிரே பெயின்ட் முடியும் கோட்டை) தாண்டிய பிறகு கிளம்பினால் சரியாக இருக்கும். கிளம்பினால் வேகமாக வரணும், வரும்போதே கையைக் காட்டிக்கொண்டு வரணும், ஏனென்றால் கட் பண்ணியவளுக்குப் பாஸ் போகாவிட்டால் அடுத்த பாஸ் அநேகமாக அவளுக்குத்தான்.

மூன்றாம் விதி: மூடினா பின்னால

உங்களுக்கும் பந்துக்கும் நடுவில் எதிராளி கையை நீட்டி வழியை மூடி நின்றால் அங்கேயே குதித்துக்கொண்டு பந்து கேட்கக்கூடாது. ஓர் அடி வெளியே போகிற மாதிரி காட்டி, அவள் முதுகுக்குப் பின்னால் ரிங்குக்கு ஓடணும். என்னுடைய செட் பிளே எல்லாம் உடைந்துபோனது இந்த இடத்தில்தான். இந்த ஒரு விதி தெரிந்திருந்தால், வழியை மூட வந்த எதிராளியே நமக்குக் கதவைத் திறந்துவிடுகிறாள். அவள் முன்னால் வந்து நிற்க நிற்க, அவளுக்குப் பின்னால் ரிங் வரை வெறும் தரைதான். பிள்ளைகளுக்கு இது முதல் தடவை மேட்சில் நடக்கும்போது முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்க்கணும்.

எந்த வரிசையில் பழக்குவது

விதி மூன்றையும் ஒரே நாளில் சொல்லாதீர்கள், ஒவ்வொன்றாகச் சொன்னால் போதும். தொடக்கத்தில் டிரிபிளையே தடை செய்துவிடுங்கள். பிள்ளைகள் முகம் சுருங்கும். அவர்களுக்கு நான் ஒரு கதை சொல்வேன், அது உண்மைக் கதை. 1891இல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உண்டாக்கினபோது அவர் எழுதிய 13 விதிகளில், பந்தோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறியணும் என்று இருந்தது. பழக்கூடையை மாட்டிவைத்து ஆடிய அந்த முதல் ஆட்டத்தில் டிரிபிளே கிடையாது, பாஸ் மட்டும்தான். டிரிபிள் பிறகு வந்து சேர்ந்தது. நெய்ஸ்மித் வேலை பார்த்தது ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், நம் பி.இ.டி. ஆசிரியர்கள் பலர் படித்து வந்த நந்தனம் உடற்கல்விக் கல்லூரியை 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கியதும் அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான். அதனால் டிரிபிள் இல்லாமல் ஆடுவது தண்டனை கிடையாது, ஆட்டம் பிறந்த விதமே அதுதான் என்று சொன்னால் கொஞ்சம் பெருமையோடே ஆடுவார்கள்.

முதல் வாரம் இரண்டு பேர், பிறகு மூன்று பேர். டாப், வலது விங், இடது விங் மட்டும். பாஸ், கட், நிரப்பு, மறுபடி பாஸ். மூன்று பேரில் கட் பண்ணியவள் காலியான விங்குக்கே போகிறாள், அதனால் குழப்பம் குறைவு. ஐந்தாவது பாஸில் கட் பண்ணுகிறவளுக்குப் போட்டு லேஅப். முதலில் நடந்து செய்யச் சொல்லுங்கள், உண்மையாகவே நடந்து. நடந்தால் சரியாக வருவது ஓடினால் பாதிதான் வரும், நடந்தாலே வராதது ஓடினால் வரவே வராது.

இரண்டாம் வாரம் ஐந்து பேர், எதிராளி இல்லாமல். பத்துப் பாஸ் விடாமல் எண்ணுவது ஒரு ஆட்டம். யாராவது பாஸ் போட்டு நின்றுவிட்டாலோ, ஒரே இடத்தில் இரண்டு பேர் வந்துவிட்டாலோ எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. எண்ணுவது வெளியே இருக்கும் பிள்ளைகளின் வேலை, அவர்கள் நம்மைவிடக் கறாராக எண்ணுவார்கள். ஆனால் எதிராளி இல்லாத இந்தப் பயிற்சியில் ஒரு வாரத்துக்கு மேல் இருக்காதீர்கள். ஆள் இல்லாத கோர்ட்டில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும், பிள்ளைகள் பாதையை மனப்பாடம் பண்ணிவிடுவார்கள், என் முதல் வருஷக் கதைதான் மறுபடி நடக்கும்.

மூன்றாம் வாரத்திலிருந்து மூன்றுக்கு மூன்று, பாதிக் கோர்ட், டிரிபிள் கிடையாது. இதுதான் என்னுடைய முக்கியப் பயிற்சி, இதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். கட் பண்ணி வாங்கிப் போட்ட லேஅப்புக்கு மூன்று பாயின்ட், வேறு எந்தக் கூடைக்கும் ஒரு பாயின்ட். இப்படி மாற்றினதும் பிள்ளைகள் தானாகவே கட் பண்ண ஆரம்பித்துவிடுவார்கள், நாம் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. மூன்று பேர்தான் என்பதால் ஒளிந்து நிற்கவும் முடியாது, ஒவ்வொருத்தி கைக்கும் பந்து அடிக்கடி வரும். இரண்டு ரிங் இருந்தால் 12 பிள்ளைகளும் ஒரே நேரத்தில் இரண்டே பந்தில் ஆடலாம், நம் ஊர் டீம்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சில கோச்சுகள் "அஞ்சு பாஸ் முடியாமல் ஷூட் பண்ணக்கூடாது" என்று விதி வைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. முதல் பாஸிலேயே ஒருத்தி தனியாக ரிங்குக்கு ஓடும்போது அவளை விட்டுவிட்டு நாலு பாஸ் போடப் பிள்ளையைப் பழக்குவது, ரிங்கைப் பார்க்காதே என்று பழக்குவதுதான்.

நாலாம் வாரம் டிரிபிளைத் திருப்பிக் கொடுங்கள், ஆனால் காரணத்தோடு. ரிங்குக்குப் போக வழி இருந்தால் டிரிபிள், பாஸ் போட நல்ல கோணம் வேண்டுமென்றால் ஒன்று இரண்டு டிரிபிள், பந்தைப் பின்கோர்ட்டிலிருந்து கொண்டுவர டிரிபிள், எட்டு செகண்டுக்குள் நடுக்கோட்டைத் தாண்டணும் இல்லையா. பந்து கைக்கு வந்ததும் சும்மா ஒரு தட்டுத் தட்டுவது மட்டும் கூடாது. கூடவே ஒரு சின்ன விதியைச் சேர்க்கலாம்: பந்தை டிரிபிள் பண்ணிக்கொண்டு ஒருத்தி உன்னை நோக்கி வந்தால் நீ ரிங்குக்குப் பின் கட் பண்ணு, அவள் உன் இடத்தில் நிற்பாள். இது வந்தால் எதிரணி பாஸையே மூடி நின்றாலும் ஆஃபென்ஸ் நிற்காது. ஐந்தாம் வாரம் ஐந்துக்கு ஐந்து, பக்கத்துப் பள்ளியோடு ஒரு பிராக்டிஸ் மேட்ச் கிடைத்தால் இன்னும் நல்லது.

தினமும் ஒன்றரை மணி நேரம் என்றால் அதில் நாம் பேசுவது மொத்தமாகப் பத்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. ஏப்ரல், மே வெயிலில் சிமென்ட் கோர்ட் ஐந்து மணிக்கும் கொதிக்கும், அந்த மாதங்களில் காலை ஆறு மணிக்கு மாற்றிவிடுங்கள். வெறுங்காலோடு சிமென்ட்டில் கட் பண்ண விடாதீர்கள், திடீரென்று ஊன்றித் திரும்பும் ஆட்டத்தில் பாதம் கிழிந்துவிடும். ஷூ இல்லாத பிள்ளைக்கு ஏற்பாடு செய்வதும் கோச்சுடைய வேலைதான்.

ஷூட், ரீபவுண்ட், சோன்

எது நல்ல ஷூட் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லேஅப் எப்போதும் நல்ல ஷூட். பிராக்டிஸில் பத்துக்குக் குறைந்தது நாலு போடும் இடத்திலிருந்து, முன்னால் ஆள் இல்லாமல் கிடைத்தால் அதுவும் நல்ல ஷூட். அந்த இடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு, அவளுக்கே அது தெரிந்திருக்கணும். இதைச் சொல்லாமல் விட்டு, மேட்சில் தவறவிட்டதும் "ஏன் ஷூட் பண்ணின?" என்று திட்டினால் அந்தப் பிள்ளை அடுத்த முறை தனியாக நின்றாலும் ஷூட் பண்ணாது.

ஐந்து பேரும் வெளியே நிற்பதால் ரீபவுண்டுக்கு (தவறிய ஷூட் திரும்பி வரும்போது பிடிக்க) ஆள் இருக்காதே என்ற கேள்வி நியாயமானது. ஷூட் போனதும் டாப்பில் இருப்பவள் திரும்பி நம் ரிங் பக்கம் ஓடணும், அவளுக்கு அடுத்து ரிங்குக்குத் தூரத்தில் இருப்பவள் நடுக்கோடு நோக்கி நகரணும், மீதி மூன்று பேரும் உள்ளே பாயணும். வெளியிலிருந்து ஓடி வருகிறவளைத் தடுத்து நிற்பது நின்ற இடத்தில் இருக்கிறவளைத் தடுப்பதைவிடக் கஷ்டம், அதனால் பயந்த அளவுக்கு நஷ்டம் வராது.

ஸ்கூல் மேட்சில் எதிரணி ஆளுக்கு ஆள் காவல் காக்கும் மேன் டு மேன் ஆடாமல், முன்னால் இரண்டு, பின்னால் மூன்று என்று அவரவர் இடத்தைக் காவல் காக்கும் சோன் போட்டு நின்றுவிடும், இது அடிக்கடி நடக்கும். அப்போது கட் பண்ணுகிறவள் கூட யாரும் ஓடி வர மாட்டார்கள், பிள்ளைகள் குழம்பிப் போவார்கள். ஒரே ஒரு மாற்றம் சொல்லிக்கொடுங்கள்: கட் பண்ணுகிறவள் நேராக ரிங் வரை ஓடாமல் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அருகில், முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவில் கிடக்கும் ஓட்டையில் இரண்டு எண்ணிக்கை நின்று பந்து கேட்கணும். அங்கே பந்து போனால் பின்வரிசையில் ஒருத்தி முன்னால் வந்தே ஆகணும், அவள் விட்ட இடத்தில் கார்னர் பிள்ளை தனியாக இருப்பாள். பந்து கிடைக்காவிட்டால் மூன்று செகண்டுக்குள் வெளியே. சோனுக்கு இன்னும் நிறைய இருக்கிறது, முதல் வருஷத்துக்கு இது போதும்.

மேட்ச் நாளில்

சர்வதேச விதிப்படி டைம் அவுட் ஒரு நிமிடம், முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவே பாதி போய்விடும். ஒரே விஷயம் சொல்லுங்கள், அதையும் பழகிய சொல்லிலேயே சொல்லுங்கள். "கனி, அவ உன்னை மூடுறா, பின்னால போம்மா." அவ்வளவுதான். புது அம்புக்குறி வரைய அது நேரமில்லை.

ஐந்து இடமும் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரை வெளியே எடுத்து யாரை உள்ளே விட்டாலும் ஆஃபென்ஸ் மாறாது, 12 பேரையும் ஆட வைக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. பதற்றமான நேரத்தில் பிள்ளைகள் மறுபடி பந்தைச் சுற்றி மொய்ப்பார்கள், மொய்க்கத்தான் செய்வார்கள். கோபப்படாமல் "இடம், இடம்" என்று ஒரு சொல் கொடுங்கள், ஐந்து இடத்துக்கும் ஓடிவிடுவார்கள்.

வெளியே உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையிடம் நோட்டும் பேனாவும் கொடுத்துவிடுங்கள். ஸ்கோர் எழுத மேஜையில் ஆள் இருக்கிறார்கள், இவள் எழுத வேண்டியது வேறு. பாஸ் போட்டவள் ஓடினாளா, நின்றாளா என்று ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு கோடு. எதிராளியை இழுத்துக்கொண்டு ஓடி, தனக்குப் பந்து கிடைக்காமல், பின்னால் வந்தவளுக்கு வழி திறந்துவிட்டவளுக்குக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். மேட்ச் முடிந்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்ததும், கூடை போட்டவள் பெயரை எடுப்பதற்கு முன்னால் அந்த நோட்டில் வட்டம் வாங்கியவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படியுங்கள். அடுத்த நாள் பிராக்டிஸில் யார் யார் வேகமாக ஓடுகிறார்கள் என்று பாருங்கள்.